இமையோரம் சிவந்து உறுத்துகிறதா? ஒத்தடம் போடும் சரியான முறை

காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். இமைமயிரின் அடியில் பொடுகு மாதிரிச் செதில் தெரியும். நாள் முழுக்க மண் விழுந்தாற்போல உறுத்தும். மாதக்கணக்கில் இது விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் இமை அழற்சிதான். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் மெட்ராஸ் ஐ வேறு. அது ஓரிரு வாரத்தில் போய்விடும். இது அடங்கும், கவனிப்பை விட்டால் திரும்ப வரும்.

மேல் இமை விளிம்பில் ஏறக்குறைய 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் எண்ணெய் கண்ணீரின் மேல் படலமாகப் படர்ந்து, அது காற்றில் ஆவியாகாமல் காக்கும். எண்ணெய் கெட்டியாகி வாயை அடைத்தால் கண் வறண்டு எரியும்; எரிச்சல் தாங்காமல் தண்ணீராகவும் வழியும். ஆகவே முதல் வேலை உறைந்ததை உருக்குவது. பலரும் இதை விட்டுவிட்டு இமையைத் தேய்க்கப் போவதால்தான் பலன் கிடைப்பதில்லை.

ரங்கூனில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வீட்டில் வெறுந்தேநீருக்கு வைத்திருக்கும் ப்ளாஸ்க் இதற்குக் கைகொடுக்கும். தேயிலை போடாத தனி ப்ளாஸ்க்காக இருக்கட்டும். ஒரு பங்கு கொதிநீர், இரண்டு பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர் கலந்தால் கிட்டத்தட்ட 50 டிகிரி வரும். பழைய கைலியிலிருந்து மெல்லிய பருத்தித் துண்டு இரண்டு கிழித்து, துவைத்து வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியை நனைத்துப் பிழிந்து, முதலில் முழங்கையின் உட்புறம் வைத்துப் பாருங்கள். இதமாகச் சுட வேண்டும், பொறுக்க முடியாதபடி சுடக்கூடாது. பிறகு மூடிய கண் மேல் போடுங்கள்.

துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியோடு பத்து நிமிடம் படுத்திருந்தால் எண்ணெய் உருகாது. அதனால்தான் இரண்டு துண்டு: ஒன்று கண்ணில், மற்றது கிண்ணத்தில். கிண்ணத்துத் தண்ணீர் ஆறும்போது ப்ளாஸ்கிலிருந்து கொஞ்சம் சேருங்கள், சேர்த்ததும் மறுபடி முழங்கையில் பாருங்கள். மொத்தம் 10 நிமிடம்.

சூடு ஆறுவதற்குள் அழுத்திவிட வேண்டும். கண்ணை மூடியபடி, விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், அதாவது மயிரை நோக்கி, ஐந்தாறு முறை நீவுங்கள். தோலை நகர்த்தும் அழுத்தம் போதும், கண்விழியை அமுக்கக் கூடாது.

அடுத்தது துடைப்பு. காய்ச்சி ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்து, பஞ்சை நனைத்து, இமைமயிரின் அடியை ஓரமாகத் துடையுங்கள். கண்ணுக்கு ஒரு பஞ்சு, மறுகண்ணுக்குப் புதியது. கரைசலை அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள். குழந்தை ஷாம்பூ பயன்படுத்தினால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலக்கலாம், ஆனால் சிலருக்கு அது கண்ணை இன்னும் வறட்டும். அப்படியானால் ஆப்பசோடாவுக்கே திரும்புங்கள். ஒட்டியிருக்கும் செதிலை நகத்தால் பிய்த்தால் மயிரும் சேர்ந்து வரும். காலை, இரவு இரு வேளையும் நான்கு முதல் ஆறு வாரம் செய்து, தணிந்த பின் ஒரு வேளையாகக் குறையுங்கள். முற்றும் நிறுத்தினால் பழையபடி ஆகும்.

முகத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசுபவர்கள் கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் விட்டுப் பூசுங்கள். காய்ந்து உதிரும் தூள் நேரே மயிருக்குள் போகிறது. இதைச் சொன்னால் பாட்டிமார் ஒத்துக்கொள்வதில்லை. கண்மையை மயிருக்கு உட்புறம் தீட்டினால் சுரப்பி வாய் அடைபடும். கரியடுப்புப் புகை, ஜெனரேட்டர் புகை, மார்ச் மாதத்துத் தூசி எல்லாமே உறுத்தலைக் கூட்டும். திஞ்சான் என்னும் தண்ணீர்த் திருவிழாவில் கண்ணில் பட்ட தண்ணீர் எங்கிருந்து பிடித்ததோ. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சி ஆறிய நீரால் முகம் கழுவுங்கள், அன்று கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, வெங்காயச் சாறு எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். கிருமியும் சேரும், எரிச்சலும் கூடும். டீ ட்ரீ எண்ணெயை அப்படியே இமையில் தடவினால் விழிப்படலம் புண்ணாகும்.

வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடலாம். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பாதுகாப்பு ரசாயனம் சேராததை வாங்குங்கள். கடையில் 'உடனே சிவப்பு போகும்' என்று கொடுக்கும் சொட்டில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு போகும்தான், மருத்துவர் பார்வையில்லாமல் வாரக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் ஏறும், புரையும் வளரும்.

பார்வை மங்கினால், வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஒரே இமையில் கட்டி மாதக்கணக்கில் கரையாமல், அங்கே மயிர் கொட்டினால் புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். மத்திய பர்மாவின் வறண்ட பகுதியில் வளர்ந்த முதியவர்களுக்கு இமைமயிர் உள்நோக்கி வளைந்து விழியை உரசினால், அது டிரகோமா என்னும் கண் தொற்றுநோய் எப்போதோ விட்டுச்சென்ற தழும்பாக இருக்கலாம். 2020-இல் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிந்ததாக உலகச் சுகாதார அமைப்பு மியான்மருக்குச் சான்றளித்தாலும், பழைய தழும்பு தானாக மறையாது. ஒத்தடம் அதற்கு உதவாது, அறுவை தேவைப்படும். போகும்போது இதுவரை விட்ட சொட்டு மருந்துப் புட்டிகளை எல்லாம் பையில் எடுத்துப் போங்கள்.