மேக்ரோ போட்டிக்கு உங்கள் முதல் படம்: ஆரம்பிப்பவர்களுக்கான செய்முறை

நண்பர்களுக்குள் இணையத்தில் மேக்ரோ (சின்னப் பொருளை மிக அருகிலிருந்து பெரிதாகக் காட்டும் படம்) போட்டி என்று அறிவிப்பு வந்ததும் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லென்ஸ் வாங்கணும்?" எதுவும் வாங்க வேண்டாம். இதில் பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, ஜெயித்தவர் அடுத்த தலைப்பைச் சொல்வார், மற்றவர்களுக்கு நாலு பேர் உருப்படியாகக் கருத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். கையில் இருக்கும் கேமராவோ போனோ போதும். வந்த படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும்: பின்தங்கும் படங்களில் பெரும்பாலானவற்றில் பொருள் பெரிதாகத்தான் தெரியும், பின்னணிதான் குப்பையாக இருக்கும். அதனால் பின்னணியில் ஆரம்பித்து பொருளுக்கு வாருங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் விதிகள்

படிக்காமல் படம் எடுக்கப் போகாதீர்கள். நாலு விஷயம் பார்த்தால் போதும். நிஜ மேக்ரோதான் வேண்டுமா, க்ளோசப் இருந்தாலும் சரியா? க்ராப் செய்யலாமா, அதாவது ஓரங்களை வெட்டலாமா? பல படங்களை இணைக்கும் ஸ்டாக்கிங்குக்கு அனுமதி உண்டா? பழைய படம் செல்லுமா, போட்டிக்காகவே புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டுமா?

நிஜ மேக்ரோ என்றால் 1:1, அதாவது பொருளின் உருவம் சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) மீது அதன் அசல் அளவிலேயே விழ வேண்டும். ஃபுல் ஃப்ரேம் என்னும் பெரிய வகைச் சென்சாரின் அகலம் 36 மி.மீ., ஆக 36 மி.மீ. நீளமுள்ள ஒரு பொருள் படத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டால் அது 1:1. நட்புப் போட்டிகளில் யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை, இருந்தாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

கையில் இருப்பதை வைத்து

போன் வைத்திருப்பவர்களுக்கு: சில போன்களில் மேக்ரோ என்று தனியாக 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று இருக்கும், அதை நம்பாதீர்கள். மெயின் கேமராவில் ஃபோகஸ் ஆகும் குறைந்தபட்ச தூரத்தில் எடுத்து க்ராப் செய்தாலே அதைவிட நன்றாக வரும். அல்ட்ரா வைட் கேமராவில் மேக்ரோ மோடு வரும் போன் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் பொருளுக்கு மிக அருகே போக வேண்டியிருக்கும் என்பதால் போனின் நிழலே அதன் மேல் விழும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் எளிமையான வழி. உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. 50 மி.மீ. லென்ஸில் 36 மி.மீ. ட்யூப் போட்டால், லென்ஸை இன்ஃபினிட்டியில் (வெகு தூரத்துக்கான ஃபோகஸில்) வைத்திருந்தால்கூட 0.72 மடங்கு உருப்பெருக்கம் கிடைத்துவிடும். லென்ஸைத் திருப்பிப் போட்டு எடுக்க ரிவர்ஸ் ரிங்கும் உண்டு. அதில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) வளையம் இல்லாத லென்ஸாக இருந்தால் அப்பர்ச்சரை மாற்றுவதும் திண்டாட்டம். பழைய மேனுவல் லென்ஸ் ஏதாவது சும்மா கிடந்தால் இதற்குப் பொருத்தம்.

பின்னணியை வைத்துவிட்டு பொருளைத் தேடுங்கள்

ஒரு வண்ண அட்டையை எடுத்து, பொருளுக்கு ஒரு முழம் பின்னால் நிறுத்துங்கள். இவ்வளவு அருகிலிருந்து எடுக்கும்போது அந்தத் தூரத்தில் இருப்பது எல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிடும், அட்டையின் சுருக்கம் கூடத் தெரியாது. வெளியில் எடுக்கிறீர்கள் என்றால் கேமராவைச் சில சென்டிமீட்டர் மேலோ கீழோ நகர்த்திப் பாருங்கள், அந்தச் சின்ன நகர்வில் பின்னணி மொத்தமாக மாறும். பூச்சியை மேலிருந்து எடுத்தால் பின்னால் தரையும் சருகும் வரும், அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் தூரத்துப் பச்சை வரும்.

ஃப்ளாஷ் போட்டால் பின்னணி ஏன் கறுப்பாகிறது என்று பலர் கேட்பதுண்டு. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஃப்ளாஷிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பொருள், 1 மீட்டர் தள்ளிப் பின்னணி என்றால், பின்னணிக்குப் போவது நூறில் ஒரு பங்கு வெளிச்சம். கறுப்பு பிடித்திருந்தால் சரி, இல்லையென்றால் அட்டையை நெருக்கமாக வையுங்கள்.

நீர்த்துளிக்குள் பூ

முதல் படத்துக்கு ஓடாத, பறக்காத ஒன்றே நல்லது. தீக்குச்சியின் தலை, உப்புக் கல், இறகு, எதுவானாலும் சரி. என்னைக் கேட்டால் நீர்த்துளிதான் சொல்வேன், ஏனென்றால் பின்னணியும் பொருளும் அதில் ஒரே விஷயம்.

மெல்லிய காம்பு ஒன்றைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சால் அதன் அடிப்பக்கம் ஒரு துளி தொங்கவிடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்தால் துளி சீக்கிரம் காயாது. பின்னால் சில சென்டிமீட்டர் தள்ளி ஒரு பூவை வைத்ததும் துளிக்குள் குட்டிப் பூ தெரியும், தலைகீழாக. நேராக வேண்டுமென்றால் பூவைக் கவிழ்த்துப் பிடியுங்கள்.

இப்போதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். துளியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் பூ மங்கலாகத்தான் இருக்கும். துளி ஒரு குவிலென்ஸ், அது உருவாக்கும் பூவின் உருவம் துளிக்குள்ளேயே இல்லை, கேமரா பக்கமாகச் சற்று முன்னால் நிற்கிறது. 3 மி.மீ. துளியென்றால் விளிம்புக்கும் உருவத்துக்கும் இடையே ஏறக்குறைய அதே 3 மி.மீ. வித்தியாசம். இது போதாதென்று 1:1-இல், ஃபுல் ஃப்ரேம் கேமராவில், அப்பர்ச்சரை எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும், ஆழம் கூடும்) வைத்தாலும் தெளிவாக வரும் ஆழம் சுமார் 1 மி.மீ.தான். ஆக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூவைத் தேர்ந்தெடுங்கள்.

"எஃப் 22 வைத்தால் ரெண்டும் வந்துடாதா?" வராது. 1:1-இல் எஃப் 22 கிட்டத்தட்ட எஃப் 44 போல நடந்துகொள்ளும், சின்னத் துளையில் வெளிச்சம் வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் மொத்தமும் மெத்தென்று ஆகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை இருங்கள். விதி அனுமதித்தால், ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் படம் எடுத்து ஸ்டாக் செய்துகொள்ளலாம்.

ஃபோகஸும் வெளிச்சமும்

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸ் வளையத்தை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்து, தெளிவாகும் கணத்தில் வரிசையாக அஞ்சாறு படம் தட்டுங்கள். ட்ரைபாட் இருந்தால் 2 விநாடி டைமர் போடுங்கள், பட்டனை அழுத்தும் அதிர்வு கூட இந்த அளவில் தெரியும். கையில் பிடித்து எடுப்பதென்றால் ஃப்ளாஷோடு 1/160 ஷட்டர் வேகம் நல்ல ஆரம்பம்.

ஃப்ளாஷை நேரடியாக அடித்தால் துளியிலும் வண்டின் முதுகிலும் வெள்ளைப் பொட்டு ஒன்று சுள்ளென்று உட்கார்ந்துவிடும். டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்து ஃப்ளாஷுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். பொருளுக்கு அது எவ்வளவு அருகில், எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு மென்மை.

பூச்சிதான் வேண்டுமென்றால் விடிகாலையில் போங்கள். உடல் சூடேறாத நேரத்தில் அவை மந்தமாக இருக்கும். உங்கள் நிழல் மேலே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து மரக்க வைப்பது, பசை போட்டு ஒட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், இயல்பில்லாமல் மடங்கிய கால்களைப் பார்த்தாலே பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அனுப்புவதற்கு முன்

படத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கி தூசி இருக்கிறதா பாருங்கள். சென்சாரில் இருக்கும் தூசியும் பொருள் மேல் இருக்கும் தூசியும் மேக்ரோவில் பளிச்சென்று தெரியும். அப்புறம் அதே படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஓட்டுப் போடுபவர்கள் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான், அதில் பொருள் எது என்றே புரியவில்லை என்றால் வேறு படம் தேர்ந்தெடுங்கள்.

கேட்ட பிக்சல் அளவுக்குச் சிறிதாக்கிய பிறகு லேசாக ஷார்ப்பன் செய்யுங்கள், அதற்கு முன் அல்ல. நிறம் எஸ்ஆர்ஜிபி-யில் (இணையத்துக்கான வழக்கமான நிற அமைப்பு) இருக்கட்டும். பெயர் மறைத்து ஓட்டெடுக்கும் போட்டி என்றால் வாட்டர்மார்க்கை எடுத்துவிடுங்கள், இதை மறப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். தலைப்புக்குக் கவிதை வேண்டாம், "நீர்த்துளிக்குள் பூ" போதும். முடிவு வரும்வரை அசல் ஃபைலை அழிக்காமல் வைத்திருங்கள், எவ்வளவு க்ராப் செய்தீர்கள் என்று நடத்துபவர் கேட்டால் காட்ட அதுதான் வேண்டும்.