குறைமாசக் குழந்தையா? 30 நாளுக்குள்ள கண்ண செக் பண்ணிடுங்க

34 வாரத்துக்கு முன்னாடியே பொறந்த குழந்தை, இல்ல 2 கிலோவுக்கும் கம்மி எடைன்னா பொறந்த 30 நாளுக்குள்ள விழித்திரைய கண்டிப்பா டாக்டர் பாக்கணும், 28 வாரத்துக்கு முன்ன பொறந்ததுன்னா 2-3 வாரத்துலயே. வெளிய பாத்தா கண்ணு நல்லாத்தான் தெரியும், அத நம்பி விட்றாதீங்க ப்ளீஸ், உள்ள ரத்தக்குழாய் தாறுமாறா வளர்ந்து விழித்திரைய இழுத்துட்டா பார்வையே போயிடும். டிஸ்சார்ஜ் சீட்டுல கண் டெஸ்ட் தேதி இல்லேன்னா நீங்களே கேளுங்க. டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பால் குடுத்து முடிச்சிடுங்க, சொட்டு மருந்து விட்டு கருமணி விரிஞ்சதும் லென்ஸ் வச்சு பாப்பாங்க, குழந்தை அழும், கொஞ்ச நேரந்தான். முதல் தடவை நார்மல்னு சொன்னாலும் ரத்தக்குழாய் முழுசா வளர்ற வரைக்கும் வரச்சொன்ன தேதிலெல்லாம் போகணும், இதத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. லேசர் வேணும்னு சொன்னா 2-3 நாளுக்குள்ள பண்ணிடுங்க, தள்ளிப்போடவே கூடாது.