விடுதிக் கட்டிலில் மூட்டைப்பூச்சி

பள்ளி விடுதி என்றதும் பலருக்கு சாம்பார் ஞாபகம் வரும், எனக்கு மூட்டைப்பூச்சிதான். விளக்கை அணைத்ததும் கட்டில் இடுக்குகளிலிருந்து கிளம்பிவிடும். வார்டன் தந்த மருந்துப் பொடியால் எங்களுக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம். கடைசியில் சமையற்கார அண்ணனிடம் கெஞ்சி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கினோம். மரக்கட்டிலை முற்றத்துக்குத் தூக்கி வந்து, மூலைகளிலும் ஆணி ஓட்டைகளிலும் ஊற்றினோம். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பூச்சியோடு முட்டையையும் கொல்லும். ஆனால் அது இடுக்குக்குள் போய்ச் சேர வேண்டும். அப்புறம் மெத்தை, தலையணை எல்லாம் பங்குனி வெயிலில். தப்பிய முட்டைகள் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் மறுபடியும் ஊற்றினோம். அறையில் எல்லாக் கட்டில்களுக்கும் ஒரே நாளில் செய்தால்தான் பலிக்கும். பக்கத்துக் கட்டில்காரன் சோம்பேறி என்றால் அவன் கட்டிலையும் நீங்களே தூக்குங்கள்.