சாவியில் தொடங்குங்கள்: காரையும் வீட்டையும் சேர்த்துப் பூட்டும் வழி

ஒயரை உரசி வண்டியைக் கிளப்பும் பழைய வித்தை இப்போது பெரும்பாலான கார்களில் எடுபடாது. சாவிக்குள் இருக்கும் சின்ன சிப் சரியான பதிலைச் சொன்னால்தான் இம்மொபிலைசர் என்ற மின்னணுப் பூட்டு எஞ்சினைக் கிளம்ப விடும். ஐரோப்பாவில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். அதனால் திருடனின் கண் வண்டியை விட்டுச் சாவியின் மேல் விழுந்தது. சாவியைத் தூக்க வேண்டும், அல்லது அது சொல்லும் பதிலைக் காற்றில் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் அவன் வர வேண்டிய இடம் உங்கள் வீட்டு வாசல். காரை மட்டும் பூட்டுவது பாதி வேலைதான் என்று சொல்வது இதனால்தான்.

சாவியின் வாயை அடைப்பது

சாவி பையில் இருக்கும்போதே கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும் வண்டியா உங்களுடையது? அப்படியானால் முதல் வேலை இதுதான். வண்டி 125 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலையில் "சாவி பக்கத்தில் இருக்கிறதா" என்று கேட்கும். அந்தக் கேள்வி ஒன்றிரண்டு மீட்டர் தாண்டாது. சாவி தன் பதிலை 315, 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். அது பல மீட்டர் போகும். திருட வருபவர்கள் இரண்டு பேர். ஒருவன் வளைய ஆன்டெனாவோடு வாசற்கதவை ஒட்டி நிற்பான், மற்றவன் வண்டியருகே. வண்டியின் கேள்வியை வீட்டுக்குள் கிடக்கும் சாவி வரை நீட்டிவிடுவார்கள். சாவி எங்கே இருந்து பதில் சொல்கிறது என்பது வண்டிக்குத் தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடும். கிளம்பிய பிறகு சாவி விலகிப்போனாலும் எஞ்சின் நிற்காது. ஓடும் வண்டி நடுரோட்டில் அணைந்தால் ஆபத்து என்பதால் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து ஃபாரடே பை: உள்ளே உலோக இழை நெய்த துணி, அலை உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. வாங்கினால் மட்டும் போதாது, சோதிக்க வேண்டும். ஸ்பேர் சாவியை வண்டியிலிருந்து தூரமாக ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அன்றாடச் சாவியைப் பைக்குள் போட்டு மூடி, பையை ஓட்டுநர் கதவின் கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்துக் கதவைத் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது. பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு, பையோடு உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். சாவி இல்லை என்று வண்டி சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனையில் தோற்றால் காரணம் பல நேரம் பை அல்ல, சாவியைப் போட்ட இடம். பல பைகளில் இரண்டு அறை இருக்கும். உலோகத் துணி உள்ளது உள்ளறையில் மட்டும், முன்னறை வெறும் துணி. இன்னொரு காரணம் மடிப்பு. தினமும் மடியும் வாய்ப்பகுதியில் இழைகள் வெளியே தெரியாமல் அறுந்துபோகும். மாதம் ஒருமுறை மறுபடி சோதியுங்கள், ஒருமுறை தோற்றாலும் புதிதாக வாங்குங்கள். பிஸ்கட் டப்பாவில் போடலாமா என்று கேட்பார்கள். மூடி சுற்றிலும் உலோகத்தோடு உலோகமாக ஒட்டினால் வேலை செய்யும். விளிம்பில் பெயின்டோ இடைவெளியோ இருந்தால் செய்யாது. அதற்கும் அதே சோதனைதான். மைக்ரோவேவ் அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். யாராவது மறந்துபோய் ஓட்டினால் சாவியும் போகும், அடுப்பும் போகும்.

ஸ்பேர் சாவியை எல்லோரும் மறக்கிறார்கள். டிராயரில் மாதக்கணக்காகக் கிடந்தாலும் அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதற்கும் ஒரு பை வேண்டும்.

சில சாவிகளில் பையே தேவைப்படாது. அசையாமல் சில நிமிடம் கிடந்தால் தானே உறங்கிவிடும் சாவிகள் உண்டு. டொயோட்டாவின் பல ஸ்மார்ட் கீகளில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக் பட்டனை இரண்டு முறை அழுத்தினால், சின்ன விளக்கு 4 முறை மின்னி ரேடியோ அணையும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் மீண்டும் விழிக்கும். கையேட்டில் பேட்டரி சேமிப்பு என்ற தலைப்பில் தேடுங்கள். தொட்டால் திறக்கும் இந்தக் கீலெஸ் வசதியையே வண்டியின் மெனுவில் அணைக்க வழியிருந்தால், அணைத்துவிடுவது எங்கள் கணக்கில் இன்னும் நல்லது. அல்ட்ரா வைட்பேண்ட் உள்ள புதுச் சாவிகளுக்கு இந்தக் கவலை குறைவு. அலை போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுவதால், நடுவில் ஒருவன் நீட்டித்தால் ஏற்படும் தாமதமே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சாவியே வேண்டாத திருட்டு

பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தடுக்க முடியாத ஒரு முறை உண்டு. வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் ஒயர் ஹெட்லைட் வரை வரும். பம்பரையோ முன்சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையையோ விலக்கி, அந்த ஒயரில் ஒரு கருவியை மாட்டி, "சரியான சாவி வந்துவிட்டது" என்ற செய்தியைப் புகுத்துவார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே, மெக்கானிக் பழுது பார்க்கக் கருவியை மாட்டும் ஓபிடி சாக்கெட் வழியாகப் புதுச் சாவி பதிவதும் இதே ரகம்தான்.

காலையில் வந்து பார்க்கும்போது சக்கர உறை தொங்குகிறது, கிளிப் இரண்டு கீழே கிடக்கிறது, ஹெட்லைட் எச்சரிக்கை எரிகிறது என்றால் யாரோ விளையாடினார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வேலையைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறான், மிச்சத்தை முடிக்க வருவான். அன்று இரவே வண்டி அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

இந்த ரகத்துக்கு எதிராக நிற்பது கணினிக்குக் கட்டுப்படாத பொருட்கள். முதலாவது ஸ்டியரிங் லாக். ஸ்டியரிங் சக்கரத்தின் வளையத்தை மட்டும் பிடிக்கும் ஒற்றைக் கம்பியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வளையத்தை அறுத்தால் கம்பி கழன்று வந்துவிடும். சக்கரம் முழுவதையும் மூடும் தட்டு வகை கனம்தான், மாட்டச் சலிப்புதான், ஆனால் அறுக்க நேரம் பிடிக்கும், வெளியிலிருந்தே கண்ணில் படும். பூட்டிய பின் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். தட்டிலிருந்து நீளும் கம்பி கதவிலோ கண்ணாடித் தூணிலோ முட்டி நிற்க வேண்டும். முட்டாமல் கால் வட்டம் சுற்றினாலே வண்டியை ஓட்டிப் போகலாம்.

இரண்டாவது, எஞ்சின் ஓடத் தேவையான மின்சாரத்தை வெட்டும், ஒளித்து வைத்த கட் சுவிட்ச். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்லும்போது இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். முதலில், பெட்ரோல் பம்புக்குப் போகும் தடித்த ஒயரை வெட்டாமல், பம்ப் ரிலேயின் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரில் சுவிட்சை வைக்க வேண்டும். பம்ப் ஒயரில் பல ஆம்பியர் ஓடும், சின்ன சுவிட்ச் சூடேறிக் கருகும். காயிலில் ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. அடுத்து, இணைப்புகளைக் கிரிம்ப் செய்து மூட வேண்டும், முறுக்கி டேப் ஒட்டக் கூடாது. அந்த இணைப்பு ஓடும்போது கழன்றால் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். பம்பை வெட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகி, குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் சில நொடி ஓடி அணையும். திருடனுக்கு அது பழுதான வண்டியாகத் தெரியும், அதுதான் நமக்கு வேண்டும். சில மாடல்களில் கணினி அந்தக் காயிலைக் கண்காணித்து செக் எஞ்சின் விளக்கை எரியவிடும். அவற்றில் ஸ்டார்ட்டர் ரிலேயின் காயிலை வெட்டுங்கள். வாரன்டியில் இருக்கும் வண்டிக்கு முதலில் டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரக் காரில் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் பக்கமே கை போகக் கூடாது.

ஜிபிஎஸ் டிராக்கர் திருட்டைத் தடுக்காது, வண்டி போன இடத்தைத்தான் சொல்லும். தனக்கென்று பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். வண்டி பேட்டரியைக் கழற்றியதும் செத்துப்போகும் டிராக்கரால் பயனில்லை. ஆன்டெனாவுக்கு மேலே பிளாஸ்டிக்கோ துணியோ இருக்கலாம், தகடு கூடாது. டேஷ்போர்டின் அடியிலும் பின்கண்ணாடித் தட்டின் கீழும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். சிம் கார்டின் ரீசார்ஜ் முடிந்த டிராக்கர்கள்தான் நாங்கள் அதிகம் பார்ப்பது. ஏர்டேக் போன்றவை கூடவே வரும் அந்நியரின் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பும் என்பதால், அதை மட்டுமே நம்பக் கூடாது.

வாசற்கதவு

சாவிக்காக வீடு புகுபவன் பூட்டைத் திறப்பது அபூர்வம். உதைப்பான். உதைக்கும்போது உடைவது பூட்டு அல்ல, பூட்டின் நாக்கு புகும் இடத்தில் உள்ள நிலைச்சட்டம். அங்கே ஒரு தகடு, அதில் இரண்டு திருகு. ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், சட்டத்தின் மேல்தோலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்.

மாற்றுவது அரை மணி நேர வேலை:

1. தகட்டைக் கழற்றி, 75 மில்லிமீட்டர் எஃகுத் திருகுகள் வாங்குங்கள். தலை தகட்டின் குழிக்குள் அமர வேண்டும், துருத்தினால் கதவு மூடாது.
2. பழைய ஓட்டை வழியாகவே ட்ரில் செய்யுங்கள். மரத்துக்கு 3 மில்லிமீட்டர் பிட். சட்டத்தைத் தாண்டிச் சுவர் செங்கல் என்றால் அங்கே மேசன்ரி பிட்டும் பிளாஸ்டிக் பிளக்கும் தேவை.
3. ட்ரில் செய்யாமல் நேராக முறுக்கினால் காய்ந்த சட்டம் நீளவாக்கில் விரியும். விரிந்த சட்டத்துக்கு எந்தத் திருகும் பிடிமானம் தராது.
4. கையால் இறுக்கி முடியுங்கள். பவர் ட்ரில்லால் கடைசி வரை இறுக்கினால் சட்டம் சுவர்ப்பக்கம் இழுபட்டு, நாக்கு ஓட்டையில் விழாமல் போகும்.
5. ஒவ்வொரு கீலிலும் ஒரு திருகையாவது இதே நீளத்துக்கு மாற்றுங்கள். பூட்டுப் பக்கம் பலமானால் அடுத்துப் பெயர்வது கீல்பக்கம்.

நாக்கு முழுதாக 25 மில்லிமீட்டர் வெளியே வருகிறதா, தகட்டின் ஓட்டையில் முழுதாக இறங்குகிறதா என்றும் பாருங்கள். ஓட்டையின் ஆழம் போதாமல் பாதியில் நிற்கும் நாக்குகள் நிறைய.

கதவில் யூரோ சிலிண்டர் (சாவி நுழையும் உருளை மட்டும் தனியாகக் கழன்று வரும் பூட்டு) இருந்தால் விரல் நகத்தை வெளித்தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். சிலிண்டர் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் பிடித்து ஒடிக்க வசதி செய்து கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். மாற்றுவதற்கு, கதவின் ஓரத்தில் பூட்டின் மட்டத்தில் உள்ள ஒற்றை நீளத் திருகைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுங்கள். உள்ளே நாக்கைத் தள்ளும் பல் நேரானதும் சிலிண்டர் வழுக்கி வரும். அந்தத் திருகு ஓட்டையின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து, 35-45 என்பதுபோலக் கடையில் சொல்லுங்கள். மொத்த நீளத்தை மட்டும் சொன்னால் தப்பான பக்கம் நீளமாக வரும். ஒடிப்பைத் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

சாவியை எங்கே வைப்பது? வாசல் ஆணியில் மாட்டுவது மோசம். கடிதத் துளையிலோ ஜன்னலிலோ கம்பி விட்டுக் கொக்கியால் இழுத்துவிடுவார்கள். தலைமாட்டில் வைப்பதும் எங்களுக்குப் பிடிக்கவில்லை, சாவி தேடுபவன் நேரே நீங்கள் தூங்கும் அறைக்கு வருவான். 2024ல் டொராண்டோவில் ஒரு போலீஸ் அதிகாரி, சாவியை வாசலருகே பையில் வைத்துவிடுங்கள், உள்ளே வராமல் போய்விடுவார்கள் என்று சொல்லி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய கவலை நியாயம்தான், ஆனால் அந்த யோசனை திருடனின் வேலையைச் சுலபமாக்குகிறது. நடுவழி இது: வெளியிலிருந்து தெரியாத, படுக்கையறை அல்லாத ஓர் அறை, அதில் ஒரு டிராயர், அதற்குள் பை. வீட்டுச் சாவியும் கார் சாவியும் ஒரே வளையத்தில் வேண்டாம்.

காரேஜ் இருந்தால் ஷட்டர் ரிமோட்டை வண்டியின் வைசரில் மாட்டி வெளியே நிறுத்தாதீர்கள். கண்ணாடியை உடைத்தவனுக்கு வீடே திறந்துவிடும். காரேஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவை வாசற்கதவாகவே நினைத்துப் பூட்டுங்கள்.

விளக்கும் கேமராவும் இதற்கெல்லாம் பிறகுதான். மோஷன் விளக்கை இரண்டரை மீட்டர் உயரத்தில், ஆள் அதன் முன்னே குறுக்காக நடக்கும்படி திருப்பி வையுங்கள். நேர் எதிரே நடந்து வருபவரை அந்த சென்சார் தாமதமாகத்தான் பார்க்கும். கேமராவை மாடி உயரத்தில் வைத்தால் தொப்பிதான் பதிவாகும். வைஃபையை முடக்கும் கருவிகள் இருப்பதால் மெமரி கார்டிலும் பதியும்படி வையுங்கள்.

வெளியே நிறுத்தும்போது

ரிமோட்டை அழுத்தியபடியே திரும்பி நடக்காதீர்கள். பக்கத்தில் ரிமோட்டின் அலையை முடக்கும் ஜாமர் இருந்தால் பூட்டு விழுந்திருக்காது. விளக்கு மின்னியதா, பூட்டு விழும் சத்தம் கேட்டதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கீலெஸ் வண்டியில் கைப்பிடியை இழுத்துச் சோதிப்பது உதவாது, சாவி கையில் இருப்பதால் கதவு திறக்கத்தான் செய்யும். முகவரி உள்ள காகிதங்களை கிளவ் பாக்ஸில் வைக்காதீர்கள். போன் ஸ்டாண்டின் வட்டத் தடத்தைக் கண்ணாடியிலிருந்து துடையுங்கள், உள்ளே போன் இருக்கலாம் என்று அது சொல்லும். கண்ணாடி துடைக்கவும் சூடேற்றவும் எஞ்சினை ஓடவிட்டு வீட்டுக்குள் போவது பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் உள்ளே வந்துவிட்டால்

எதிர்த்து நிற்காதீர்கள். சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், கதவுள்ள அறைக்குள் போய்ப் போலீசை அழையுங்கள். டிராக்கர் காட்டும் இடத்துக்கு நீங்களே போகாமல் அதைப் போலீசிடம் கொடுங்கள். பதிவு எண், விஐஎன் எனப்படும் சேசிஸ் எண், வண்டியின் நான்கு பக்கப் படம் ஆகியவை போனில் முன்பே இருந்தால் புகார் சீக்கிரம் முடியும். காப்பீட்டுக்காரர் எல்லாச் சாவியையும் கேட்பார் என்பதால் ஸ்பேர் சாவி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாவி போய், வண்டி மட்டும் நிற்கிறது என்றால் அது இன்னும் அவசரம். கட் சுவிட்சைப் போட்டு, ஸ்டியரிங் தட்டை மாட்டி, முடிந்தால் வேறு இடத்துக்கு வண்டியை மாற்றுங்கள். மறுநாளே மிச்சமுள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துக்கொண்டு டீலரிடம் போய், தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். புதுச் சாவி மட்டும் வாங்கினால் பழையது அப்படியே வேலை செய்யும். அழித்த பிறகும் சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவி ஓட்டுநர் கதவைத் திறக்கும், அந்தக் கதவின் பூட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.