இருப்பும் பற்றும் சேர்ந்தே மாற வேண்டும்: எல்எம்டிபி பழகுவோம்

கடைக்கு வந்தவர் 5 கிலோ அரிசியை வாங்கிக்கொண்டு, "பற்றில் எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். உங்கள் நிரல் இப்போது இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். அரிசி இருப்பில் 5 குறைய வேண்டும், அவர் பேரில் பற்று ஏற வேண்டும். இருப்பைக் குறைத்த அந்த நொடியில் கரண்ட் போனால்? அரிசி போனது தெரியும், யார் வாங்கினார் என்பது தெரியாது. கணக்கை ஜேசான் கோப்பில் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். பாதி எழுதிய கோப்பு அடுத்த முறை திறக்கவே திறக்காது.

இவ்வளவு சின்ன வேலைக்குத் தனி டேட்டாபேஸ் சர்வர் ஓட்டத் தேவையில்லை. ட்ரான்சாக்‌ஷன் தெரிந்த ஒரு கீ-வேல்யூ லைப்ரரி போதும். பல மாற்றங்களை 'நடந்தால் எல்லாம், இல்லாவிட்டால் எதுவுமில்லை' என்று ஒரே கட்டாகச் செய்வதுதான் ட்ரான்சாக்‌ஷன். கீ-வேல்யூ என்றால் ஒரு பெயருக்கு (கீ) ஒரு மதிப்பு (வேல்யூ). நான் எடுத்துக்கொள்வது எல்எம்டிபி, அதாவது லைட்னிங் மெமரி-மேப்ட் டேட்டாபேஸ். ஓப்பன்எல்டேப் என்ற டைரக்டரி சர்வர் திட்டத்தில் அதுவரை இருந்த பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸ் லைப்ரரிக்கு மாற்றாக, சிமாஸ் நிறுவனத்தின் ஹோவர்ட் சூ 2011இல் கொண்டுவந்தது. சி மொழியில் எழுதப்பட்ட சின்ன லைப்ரரி. உங்கள் நிரலுக்குள்ளேயே ஓடும்.

நிரல் வரிகளை வெட்டி ஒட்டும்படி தரப்போவதில்லை. எந்த ஃபங்ஷன், அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். பைத்தானை ஒரு பக்கம் திறந்து வைத்து நீங்களே தட்டுங்கள். மொத்தம் முப்பது வரி வந்தால் அதிகம்.

படி 1: நிறுவி, திறப்பது

பிப் வழியாக எல்எம்டிபி பேக்கேஜை நிறுவி, இம்போர்ட் செய்யுங்கள். அடுத்து அதன் ஓப்பன் ஃபங்ஷனை அழையுங்கள். முதல் ஆர்கியூமென்ட் ஒரு ஃபோல்டரின் பெயர். இல்லாவிட்டால் அதுவே உருவாக்கிக்கொள்ளும். உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு கோப்புகள் இருக்கும்: ஒன்றில் தரவு, மற்றது பூட்டு.

ஓப்பனுக்கு மேப் சைஸ் என்று இன்னொரு ஆர்கியூமென்ட் உண்டு. டேட்டாபேஸ் அதிகபட்சம் எவ்வளவு வளரலாம் என்பதற்கான வரம்பு அது. கொடுக்காமல் விட்டால் பைத்தானில் 10 எம்பிதான். சோதனை செய்யும்போது எல்லாம் ஓடும், நிஜத் தரவு ஏறியதும் 'மேப் ஃபுல்' என்று பிழை வந்து நிற்கும். 1 ஜிபி என்றே கொடுத்துவிடுங்கள். லினக்ஸில் இதனால் டிஸ்கில் 1 ஜிபி உடனே போய்விடாது. முகவரி இடம் மட்டும் ஒதுக்கப்படும், கோப்பு தரவுக்கு ஏற்பத்தான் வளரும்.

ஓப்பன் திருப்பித் தருவதை என்வயர்மென்ட் என்பார்கள். நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறை திறந்து, எல்லா ஃபங்ஷன்களுக்கும் அதையே கொடுங்கள். ஒரே ப்ராசஸுக்குள் அதே ஃபோல்டரை இரண்டு தடவை திறந்தால் பூட்டு குழம்பிவிடும்.

படி 2: ஒரு மதிப்பை எழுதிப் பார்ப்பது

என்வயர்மென்ட்டின் பிகின் ஃபங்ஷன்தான் ட்ரான்சாக்‌ஷனைத் தொடங்குகிறது. சும்மா அழைத்தால் படிக்க மட்டும். எழுதவும் வேண்டுமென்றால் ரைட் என்ற ஆர்கியூமென்ட்டுக்கு ட்ரூ கொடுக்க வேண்டும். இதைப் பைத்தானின் வித் பிளாக்கில் போடுங்கள். உள்ளே புட் எழுதும், கெட் படிக்கும், டெலீட் அழிக்கும். பிளாக் பிழையில்லாமல் முடிந்தால் கமிட், அதாவது மாற்றங்களை உறுதியாக்குவது, தானாக நடக்கும்.

முதல் முறை எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது: கீ, மதிப்பு இரண்டுமே பைட்ஸாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் ஏற்காது. அதுவும் கீயைத் தமிழில் எழுதிவிட்டு முன்னால் பைட்ஸுக்கான எழுத்தைப் போட்டால் பைத்தானே திட்டும், அங்கே ஆஸ்கி எழுத்துக்கு மட்டும்தான் இடம். ஸ்ட்ரிங்காக எழுதி என்கோட் செய்யுங்கள். எண்ணையும் அப்படியே, முதலில் ஸ்ட்ரிங்காக்கி அப்புறம் என்கோட்.

'இருப்பு:அரிசி' என்ற கீயில் 50, 'பற்று:0042' என்ற கீயில் (0042 என்பது வாடிக்கையாளர் எண்) 0 எழுதி, இன்னொரு பிளாக் திறந்து படித்துப் பாருங்கள். வந்ததா? சரி.

படி 3: விற்பனை

இப்போது விற்பனைக்கு ஒரு ஃபங்ஷன். ரைட் ட்ரூ போட்டு ஒரே ஒரு வித் பிளாக். அதற்குள் வரிசையாக: இருப்பைக் கெட் மூலம் எடுத்து எண்ணாக மாற்றுங்கள். போதவில்லை என்றால் ரெய்ஸ் மூலம் வேல்யூ எரர் எழுப்புங்கள். குறைத்த இருப்பைப் புட் செய்யுங்கள். அப்புறம் பற்றைக் கெட் செய்து, தொகையைக் கூட்டி, அதையும் புட் செய்யுங்கள். புது வாடிக்கையாளருக்குக் கீயே இருக்காது என்பதால், அந்தக் கெட்டின் டிஃபால்ட்டில் பைட்ஸாக 0 கொடுத்துவையுங்கள்.

படிப்பதும் அதே பிளாக்குக்குள் இருக்க வேண்டும். நான் முதலில் எழுதியபோது இருப்பை வெளியே, தனி ரீட் ட்ரான்சாக்‌ஷனில் பார்த்துவிட்டு, 'இருக்கிறது' என்று தெரிந்தபின்தான் எழுதும் பிளாக்கைத் திறந்தேன். இரண்டு டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால், மிச்சம் இருந்த 5 கிலோவையே இரண்டு பேருக்கும் விற்றிருந்தது. இரண்டு நிரலும் 5 என்று படித்தன, இரண்டும் 0 என்று எழுதின. லைப்ரரி மேல் தப்பே இல்லை. எல்எம்டிபியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், அடுத்தவர் வாசலில் காத்திருப்பார். நான் படித்தது வாசலுக்கு வெளியே.

இன்னொரு பொறி: ரிட்டர்ன். இருப்பைக் குறைத்து எழுதிய பிறகு, இந்த ஆளுக்குப் பற்று வரம்பு தாண்டிவிட்டது என்று தெரிகிறது. உடனே ரிட்டர்ன் போட்டு வெளியே வருகிறீர்கள். பிழை எதுவும் எழவில்லை, ஆகவே வித் பிளாக்கைப் பொறுத்தவரை எல்லாம் சுபம், கமிட் ஆகிவிடும். அரிசி குறைந்தது குறைந்ததுதான். ரத்தாக வேண்டுமென்றால் பிழையை எழுப்புங்கள். என் பழக்கம், எல்லாச் சோதனைகளையும் முதல் புட்டுக்கு முன்பே முடித்துவிடுவது.

படி 4: வேண்டுமென்றே உடைப்பது

சொன்னதை நம்பாதீர்கள். இரண்டு புட்டுக்கும் நடுவில் ஒன்றைப் பூஜ்யத்தால் வகுக்கும் வரி ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள். நிரல் விழும். இருப்பைப் படித்தால் பழைய 50 அப்படியே இருக்கும். அடுத்து வகுத்தலை எடுத்துவிட்டு அங்கே 30 நொடி ஸ்லீப் போடுங்கள், அந்த நேரத்தில் ப்ராசஸைக் கில் செய்யுங்கள். அப்போதும் 50தான்.

காரணம் எளியது. எல்எம்டிபி கோப்பைப் பக்கங்கள் என்ற துண்டுகளாக வைத்திருக்கிறது, பழைய பக்கத்தின் மேல் அடித்துத் திருத்துவதில்லை. மாறிய பக்கங்களை வேறு இடத்தில் புதிதாக எழுதுகிறது. கோப்பின் தொடக்கத்தில் இரண்டு மெட்டா பக்கங்கள் உண்டு, கீக்களை அடுக்கி வைத்திருக்கும் தற்போதைய மரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது அவைதான். கமிட் என்றால், தரவுப் பக்கங்கள் டிஸ்கில் இறங்கிய பின் அந்த இரண்டில் பழையதை மாற்றி எழுதுவது. அதற்கு முன் செத்தால் முந்தைய மெட்டா பக்கம் பழைய மரத்தையே காட்டும். எனவே மீண்டும் திறக்கும்போது பழுதுபார்க்கும் வேலை எதுவும் கிடையாது.

ஒவ்வொரு கமிட்டும் டிஸ்க் வரை போய் வருவதால், ஆயிரம் சரக்கை ஏற்றும்போது ஆயிரம் பிளாக் திறக்காதீர்கள். ஒரே பிளாக்குக்குள் லூப் ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

படி 5: படிப்பவர் என்ன பார்க்கிறார்

இரண்டு டெர்மினல் திறந்துகொள்ளுங்கள். முதலாவதில் வித் இல்லாமல் பிகின் அழைத்து, இருப்பைப் படியுங்கள். இரண்டாவதில் ஒரு விற்பனை செய்யுங்கள். முதலாவதுக்குத் திரும்பி, அதே ட்ரான்சாக்‌ஷனில் மறுபடி படித்தால் பழைய எண்ணே வரும். புதிதாகப் பிகின் அழைத்தால்தான் புது எண். எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை, படிப்பவரும் எழுதுபவரைத் தடுப்பதில்லை. இதைத்தான் நான் இந்த லைப்ரரியில் மிகவும் விரும்புகிறேன்.

விலையும் உண்டு. தரவின் அந்தப் பழைய நிலையை யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் வரை, அதற்குப் பின் கைவிடப்பட்ட பக்கங்களை மறுபடி பயன்படுத்த முடியாது. ரீட் ட்ரான்சாக்‌ஷனை மூட மறந்துவிட்டு எழுதிக்கொண்டே போனால் கோப்பு ஊதிக்கொண்டே போகும். தரவை அழித்தாலும் கோப்பு சுருங்காது. காப்பி ஃபங்ஷனில் காம்பாக்ட் ட்ரூ கொடுத்து வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்தால் இளைத்த பிரதி கிடைக்கும்.

படி 6: பட்டியல் எடுப்பது

கீக்கள் பைட் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், முன்னொட்டை வைத்தே பட்டியல் எடுக்கலாம். ட்ரான்சாக்‌ஷனில் கர்சர் (கீக்களின் வரிசையில் நகரும் சுட்டி) வாங்கி, செட் ரேஞ்சுக்கு 'பற்று:' என்பதை என்கோட் செய்து கொடுங்கள். அதற்குச் சமமான அல்லது அடுத்த கீயில் போய் நிற்கும். அங்கிருந்து லூப் ஓட்டி, முன்னொட்டு மாறியதும் நிறுத்துங்கள். செட் ரேஞ்ச் ஃபால்ஸ் தந்தால் லூப்புக்குள் போகவே வேண்டாம். போனால் டேட்டாபேஸின் தொடக்கத்திலிருந்து ஓடும்.

எண்ணை 0042 என்று எழுதியதற்கும் இதுதான் காரணம். பூஜ்யம் நிரப்பாவிட்டால் 10 முன்னால் வந்து 9 பின்னால் போகும்.

தமிழ்க் கீக்களில் இன்னும் ஒரு வேடிக்கை. பைட் வரிசை என்பது யூனிகோட் வரிசை, நம் அகராதி வரிசை அல்ல. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, ஆகவே 'கனி' என்பது 'கப்பல்' என்பதற்கு முன்னால் வரும். பட்டியலைத் திரையில் காட்டும் முன் நீங்களே அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு கீயின் நீளம் வழக்கமான அமைப்பில் 511 பைட் வரைதான். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'அரிசி'க்கே 15 பைட் ஆகிறது. பெயருக்குப் போதும், முழு முகவரியைக் கீயாக்க நினைத்தால் இடிக்கும்.

நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் மட்டும் இதை வைக்காதீர்கள். மெமரி மேப்பும் பூட்டும் ஒரே கணினியை நம்பி எழுதப்பட்டவை. கடையில் இரண்டு கல்லா, இரண்டு கணினி என்றால், ஒன்றில் மட்டும் டேட்டாபேஸை வைத்து, மற்றது அதனிடம் கேட்டு வாங்கும்படி ஒரு சின்ன சர்வீஸ் எழுதிக்கொள்ளுங்கள்.