மாதக் கடைசியில் சரக்கைத் தள்ளாதீர்கள்: சேல்ஸ் பையன்களும் மேனேஜர்களும் விடாமல் செய்யும் தவறுகள்

சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, மசாலா என்று மளிகைக் கடைச் சரக்கு விற்கும் கம்பெனிகளுக்கு வருடா வருடம் புதுப் பையன்கள் வந்து சேருகிறார்கள். அவர்கள் செய்கிற தவறுகளில் ஒன்றுகூடப் புதிது கிடையாது. நாங்கள் பீட்டுக்கு, அதாவது ஆர்டர் எடுக்கச் சுற்ற வேண்டிய கடை வரிசைக்கு, போன காலத்தில் செய்த அதே கூத்துதான். அப்போது கார்பன் பேப்பர் வைத்த ஆர்டர் புக், இப்போது செல்போனில் ஆப், அவ்வளவுதான் வித்தியாசம். ஷூவுக்கு பாலிஷ் போடுங்கள், சிரித்த முகமாக இருங்கள், போட்டிக் கம்பெனியைத் திட்டாதீர்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை, அதை டிரெய்னிங்கில் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். தெரிந்தே செய்கிற தவறுகள், அதிலும் மேனேஜர்களே செய்யச் சொல்கிற தவறுகள், அவற்றைப் பற்றித்தான் இது.

ஸ்டாக் பார்க்காமல் ஆர்டர் கேட்பது

கடைக்குள் நுழைந்ததும் "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன போடட்டும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம் தம்பி, அடுத்த வாரம் வா" என்றுதான் பதில் வரும். அவர் ஒரு கையைக் கல்லாவிலும் இன்னொரு கையைத் தராசிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார், உங்கள் சோப்பு எத்தனை மிச்சம் என்பது அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? நீங்களே போய்ப் பாருங்கள். தொங்குகிற ஷாம்பு சரத்தில் எத்தனை சாஷே மிச்சம், பத்து ரூபாய் பிஸ்கட் வேறு எதற்காவது பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறதா, போன தடவை போட்ட பெட்டி உடைக்காமலே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, "பெரிய சோப்பு நாலுதான் இருக்கு, வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார். மறுத்தாலும் காரணம் சொல்லித்தான் மறுப்பார். பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்கள், போன தடவை வந்த சரக்கில் ரேப்பர் கிழிந்திருந்தது என்று எதையாவது சொல்வார். அந்தக் காரணம் உங்களுக்கு ஆர்டரைவிட முக்கியம். கிளம்பும் முன் பழைய பேட்ச்சை முன்னால் இழுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

பால் வாங்கும் நேரத்தில் போய் நிற்பது

போகாதீர்கள். கூட்டம் வடிந்த பிறகு போங்கள்.

மாதக் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கைக் கட்டுவது

மற்றதையெல்லாம் ஒரு தடவை சொன்னால் பையன்கள் திருத்திக்கொள்கிறார்கள். இது ஒன்றுதான் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு பில் போடுவது பிரைமரி. டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்குப் போடுவது செகண்டரி. கடையிலிருந்து வீட்டுக்குப் போவதுதான் நிஜமான விற்பனை, ஆனால் பல கம்பெனிகளில் டார்கெட் என்னவோ பிரைமரியில்தான் இருக்கிறது. இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஏரியா மேனேஜர் போன் போடுவார்: "இன்னும் ஆறு லட்சம் குறையுது, எங்கே போடலாம்?" யாருக்குச் சரக்கு வேண்டும் என்று கேட்க மாட்டார், எங்கே போடலாம் என்றுதான் கேட்பார். பையன் உடனே, தன்னிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லத் தெரியாத டிஸ்ட்ரிபியூட்டர் யார் என்று யோசிப்பான். எல்லா ஏரியாவிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

எங்கள் தெற்கத்திப் பக்கம் சின்ன ஊர் ஒன்றில் அப்படி ஒருவர். "தம்பி, போன மாசம் இறக்கினதே குடோன்ல நடக்க வழியில்லாமக் கிடக்கு" என்று அவர் சொன்னதும், "இந்த ஒரு தடவை மட்டும் அண்ணாச்சி, ஒண்ணாம் தேதி நானே வந்து ஸ்கீம் போட்டு எடுத்துத் தர்றேன்" என்று பையன் கெஞ்சியதும் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. லாரி முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி போய் நின்றது. ஒண்ணாம் தேதி பையன் போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறு வேலையாக நான் அந்த குடோனுக்குப் போனபோது சுவரோடு சுவராகக் கூரை வரை பெட்டி. அடி வரிசை அட்டைப்பெட்டிகள் பாரம் தாங்காமல் நசுங்கி, அதற்குள் இருந்த தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் கசிந்து பக்கத்தில் இருந்த பிஸ்கட் பெட்டி வரைக்கும் பரவியிருந்தது. புது பேட்ச் வாசலோரம், பழைய பேட்ச் கடைசிச் சுவரோரம். கடைசியாக வந்த லாரிச் சரக்கு முன்னால் அடைத்துக்கொண்டால் பின்னால் இருக்கிறதை எப்படி எடுப்பது? அந்தப் பையனுக்கு அதற்குள் அந்தக் காலாண்டின் சிறந்த விற்பனையாளர் சான்றிதழ் கொடுத்து வேறு ஏரியாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்ன நஷ்டம், எப்படியும் அவர் விற்றுவிடுவார்தானே என்று கேட்கிற பையன்களுக்காக ஒரு கணக்கு. மாதம் பத்து லட்சம் செகண்டரி போகிற ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் என்று வைத்துக்கொள்வோம். மார்ஜின் 5 சதவீதம் என்றால் கையில் 50,000. சேல்ஸ்மேன் சம்பளம், வண்டி டீசல், குடோன் வாடகை எல்லாம் 30,000 போனால் மிச்சம் 20,000. இப்போது தேவையில்லாத ஆறு லட்சத்தை அவர் தலையில் கட்டுகிறீர்கள். அவர் அதற்குக் கைப்பணமா வைத்திருக்கிறார்? பேங்க் ஓடியில், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் பேங்க் தரும் கடனில், எடுக்கிறார். வருட வட்டி 12 சதவீதம் என்றாலும் மாதம் 6,000 அங்கே போகிறது. சரக்கு நகரவில்லை என்று மொத்த வியாபாரியிடம் 3 சதவீதம் தள்ளுபடியில் கொடுத்தால் இன்னும் 18,000. ஆகமொத்தம் 24,000. இருபதாயிரம் சம்பாதிக்க வேண்டிய மனுஷன் மாதம் முழுக்க உழைத்துக் கையிலிருந்து நாலாயிரம் போட்டிருக்கிறார், அதுவும் உங்கள் இன்சென்டிவுக்காக.

கதை அதோடு முடிவதில்லை. மொத்த வியாபாரியிடம் தள்ளுபடியில் போன சரக்கு அங்கேயே இருக்காது. பக்கத்து ஊர்க் கடைகளுக்குப் போகும். அந்த ஊர் டிஸ்ட்ரிபியூட்டர் உங்களைக் கூப்பிட்டு, "என் ரேட்டைவிடக் கம்மியா என் லைன்லயே உங்க சரக்கு இறங்குது, நான் எதுக்குக் கடை விரிச்சு உட்கார்ந்திருக்கேன்?" என்று கேட்பார். கடைக்காரர்களுக்கும் பழகிவிடும். இருபதாம் தேதி போய் ஆர்டர் கேட்டால், "இன்னும் பத்து நாள் போனா நீயே விலையைக் குறைப்பே, அப்புறம் வா" என்பார்கள். அடுத்த மாதத்தின் முதல் பத்து நாள் பில்லே கிடையாது, அதனால் அந்த மாதக் கடைசியில் இன்னும் பெரிய பள்ளம், அதை அடைக்க இன்னும் பெரிய லோடு. அடுத்த வருடம் இதே மாதத்துக்கு டார்கெட் போடும்போது ஹெட் ஆபீசில் அந்த ஊதிப்போன நம்பரை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் வளர்ச்சி கேட்பார்கள்.

தேங்கிய சரக்கில் இன்னொரு ஆபத்து, என்றைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, சோப்புக் கட்டி, ஷாம்பு, டூத்பேஸ்ட், தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் வரியை 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்து, 22-ம் தேதி முதல் அமல் என்றது. விலை குறையப் போகிறது என்று தெரிந்த பிறகு நடுவில் எந்தக் கடைக்காரர் பழைய விலையில் வாங்கி அடுக்குவார்? பதினைந்து நாள் ஸ்டாக் வைத்திருந்தவர் எப்படியோ சமாளித்துக்கொண்டார். ஆகஸ்ட் கடைசியில் யாரோ தள்ளிவிட்ட லோடோடு உட்கார்ந்திருந்தவர் 18 சதவீதம் வரி கட்டி வாங்கியதை 5 சதவீதத்தில் விற்க வேண்டி வந்தது, வித்தியாசம் கிரெடிட் லெட்ஜரில், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி கணக்கில், தேங்கியது. பணம் அவருடையதுதான், ஆனால் கையில் இல்லை.

எக்ஸ்பைரி ஆனால் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்காதீர்கள். எவ்வளவு எடுத்துக்கொள்ளும், எத்தனை சதவீதம் வரை, எந்தத் தேதிக்குள் பணம் கேட்டு கிளெய்ம் போட வேண்டும் என்று முதலில் நீங்கள் படித்திருக்கிறீர்களா? சரக்கு கெட்டு டிஸ்ட்ரிபியூட்டரே அழித்துவிட்டார் என்றால், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவுப்படி அதற்கு எடுத்த வரி கிரெடிட்டையும் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், அதற்கு மேல் வரியும் போகிறது.

இந்த மாதக் கடைசித் தள்ளலுக்கு ஒரு தம்பியும் உண்டு: காற்றில் போடும் பில். செகண்டரி டார்கெட் வைத்திருக்கிற கம்பெனிகளில், கேட்காத கடை பெயரில் முப்பதாம் தேதி பில் போட்டு மூன்றாம் தேதி சரக்கு திரும்பி வந்ததாக சேல்ஸ் ரிட்டர்ன் போடுவார்கள். இப்போது ஆப்பில் எல்லாம் தெரிகிறது, ஒரே நாளில் ஐம்பது கடையில் ஒரே அளவு பில் என்றால் ஆடிட்டில் கண்ணை மூடிக்கொண்டா இருப்பார்கள்? வேலை போகும், சந்தேகமே வேண்டாம்.

சரி, என்ன செய்வது? ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி குடோனுக்கு நேரில் போய்ப் பெட்டியை எண்ணுங்கள், அவர் கம்ப்யூட்டரில் இருப்பதை நம்பாதீர்கள். இருக்கிற ஸ்டாக் தினசரி செகண்டரிக்கு எத்தனை நாள் தாங்கும் என்று ஒவ்வொரு அயிட்டத்துக்கும் போடுங்கள். ஓடாத பத்து அயிட்டம் மலை மாதிரி கிடக்க, ஓடுகிற இரண்டு அயிட்டம் காலியாக இருக்கும். பெரும்பாலான குடோன்களில் இதுதான் நிலைமை. அந்த இரண்டை உடனே வரவழையுங்கள், அது தேவையான பிரைமரி, அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. டார்கெட் வராது என்று தெரிந்தால் அன்றைக்கே, அதாவது இருபதாம் தேதியே, மேனேஜரிடம் எழுத்தில் சொல்லுங்கள், எந்த டிஸ்ட்ரிபியூட்டரிடம் எத்தனை நாள் ஸ்டாக் என்ற கணக்கோடு. முப்பதாம் தேதி சொன்னால் அது சாக்கு.

மேனேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் காலையில் வாட்ஸ்ஆப் குரூப்பில் நீங்கள் பிரைமரி நம்பரை மட்டும் கேட்டால் பையன் பிரைமரியைத்தான் தருவான், எங்கிருந்தாவது பிடுங்கிக்கொண்டு வந்து தருவான். அதோடு சேர்த்து டிஸ்ட்ரிபியூட்டரிடம் மிச்சமிருக்கிற க்ளோசிங் ஸ்டாக்கையும் கேளுங்கள். முப்பத்தைந்து நாள் ஸ்டாக் இருக்கிற இடத்துக்கு இன்னொரு லோடு என்று எவனாவது சொன்னால் பாராட்டாதீர்கள், பில்லை நிறுத்துங்கள்.

வாய்வழி ஸ்கீம்

"நான் பார்த்துக்கிறேன் சார்" என்பது இந்தத் தொழிலிலேயே மோசமான வாக்கியம். பத்துக்கு ஒன்று இலவசம், தீபாவளி வரைக்கும் என்று ஏரியா மேனேஜர் போனில் சொல்ல, டிஸ்ட்ரிபியூட்டர் அதை நம்பிக் கடைகளுக்குக் கொடுத்துவிட, மேனேஜர் மாற்றலாகிப் போய்விட, புதிதாக வந்தவர் "சர்க்குலர் இருக்கா?" என்று கேட்க, கிளெய்ம் அப்படியே நிற்கும். நிற்பது டிஸ்ட்ரிபியூட்டரின் பணம். கம்பெனியின் மெயில் வரும் வரைக்கும் ஸ்கீமைக் கடையில் சொல்லாதீர்கள். அவசரமென்றால் மேனேஜரை வாட்ஸ்ஆப்பிலாவது ஒரு வரி போடச் சொல்லுங்கள். போட மறுக்கிறார் என்றால் அப்படி ஒரு ஸ்கீம் இல்லை.

மேனேஜர் கடையில் தானே விற்றுக் காட்டுவது

மேனேஜர் கூட வருகிறார் என்றால் பையன் நல்ல பத்துக் கடையாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவான், முதல் நாளே போன் போட்டு "நாளைக்கு ஒரு ஆர்டர் குடுத்துருங்கண்ணே" என்று சொல்லியும் வைத்திருப்பான். அங்கே போய் மேனேஜர் தன் பழைய திறமையைக் காட்டி மூன்று பெட்டி விற்றுவிட்டு, "இப்படித்தான் பண்ணணும்" என்பார். பையன் தலையாட்டுவான். அடுத்த வாரம் அதே கடைக்கு அவன் தனியாகப் போகும்போது "உங்க சார் வந்தா ரெண்டு பர்சன்ட் சேத்துக் குடுத்தாரே" என்று கடைக்காரர் நிற்பார். மேனேஜர் வேலை வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்பது, வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு விஷயம் சொல்வது. அன்றைக்குப் பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் நிற்காது. போக வேண்டிய கடையையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். மூன்று மாதமாக பில் இல்லாத கடைகளின் லிஸ்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பீட்டின் உண்மையான முகம் தெரியும்.

செக்கைப் பையிலேயே வைத்திருப்பது

செக்கில் இருக்கிற தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும், 2012 ஏப்ரலில் இருந்து இதுதான் விதி. திரும்பி வந்துவிட்டால் பேங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அன்றைக்கு வாங்கியதை அன்றைக்கே டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஒப்படையுங்கள்.

பீட்டை வாயால் ஒப்படைப்பது

மாற்றல் வந்ததும் புதுப் பையனிடம் "எல்லாம் நல்ல கடைங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போவது. ஒரு சுற்று அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கடையிலும் பாக்கித் தொகையைச் சொல்லி, கடைக்காரர் ஆமாம் என்றால் பாக்கி லிஸ்டில் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். இல்லை என்றால் அங்கேயே நின்று பில்லை எடுத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த டேமேஜ் சரக்கு, தருவதாகச் சொன்ன ரேக், வராத ஸ்கீம் சாமான் எல்லாவற்றையும் அதே லிஸ்டில் எழுதி, ஒரு காப்பி டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஒன்று மேனேஜருக்கும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.