செவ்வாயைப் பூமியில் தேடப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சந்திரயானுக்குப் பிறகு நிலவியல் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு புது ஆசையைப் பார்க்க முடிகிறது. எண்ணெய்க் கிணறு, நிலக்கரிச் சுரங்கம் என்று போகாமல், செவ்வாயைப் போலவும் நிலாவைப் போலவும் இருக்கிற பூமியின் இடங்களை ஆராய்வதையே தொழிலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். அப்படியொரு தொழில் இருக்கத்தான் செய்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனம், அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகள், ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆறு, மகாராஷ்டிரத்து லோனார் பள்ளம் என்று இதற்காகவே ஆட்கள் அலைகிறார்கள். ஆனால் இந்தத் துறையின் பேர்போன தவறுகள் எல்லாம் கெட்டிக்காரர்கள் கவனமாக வேலை பார்த்துச் செய்தவை. அதனாலேயே அவற்றை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

அளந்தது சரி, நினைத்தது தப்பு

அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலமும் சுமார் 170 மீட்டர் ஆழமுமாக ஒரு வட்டப் பள்ளம் இருக்கிறது. சுற்றிலும் இரும்பு விண்கல் துண்டுகள் சிதறிக் கிடந்தன. 1891-இல் அமெரிக்க நிலவியல் துறையின் தலைமை நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் அங்கே போனார். அவர் போட்ட கணக்கு அழகானது. விண்கல் விழுந்து பள்ளம் வந்திருந்தால் அந்தக் கல் அடியில் புதைந்திருக்க வேண்டும், காந்த ஊசி அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கல் உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், விளிம்பில் குவிந்ததைப் பள்ளத்துக்குள் திருப்பிக் கொட்டினால் கொஞ்சம் மிஞ்சவும் வேண்டும். இரண்டையும் அளந்தார். ஊசி அசையவில்லை. விளிம்பின் அளவும் பள்ளத்தின் அளவும் ஏறக்குறைய சமமாக வந்தன. ஆகவே விண்கல் இல்லை, நிலத்தடியில் நீராவி வெடித்திருக்கிறது என்று முடிவுகட்டினார்.

அப்புறம் வந்தார் டேனியல் பேரிஞ்சர் என்ற சுரங்கத் தொழிலதிபர். விண்கல்தான் என்று அடித்துச் சொன்னார், அது சரி. புதைந்திருக்கிற இரும்பை எடுத்து விற்கலாம் என்று 1903 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் தோண்டினார், துளை போட்டார். எதிர்பார்த்த இரும்பு வரவே இல்லை. கைக்காசு கரைந்தது. 1929-இல் இறந்துபோனார்.

இருவரும் எதிரெதிர் முடிவுக்கு வந்தவர்கள். இருவர் மனதிலும் இருந்ததோ ஒரே படம். பெரிய பள்ளத்துக்குப் பெரிய கல், கல் உள்ளேதான் இருக்கும். நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வருகிற கல், சேற்றில் விழுந்த தேங்காய் மாதிரி புதைந்து நிற்பதில்லை. அந்த வேகமே வெடிமருந்தாகிவிடுகிறது. இந்தப் பள்ளத்துக்கு ஐம்பது மீட்டர் அளவுள்ள இரும்புக் கல் போதும், அதிலும் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போய்விடும். காந்த ஊசி அசையாததில் ஆச்சரியமே இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர் யூஜின் ஷூமேக்கர். அவர் இந்தப் பள்ளத்தை நெவாடாவில் அணுகுண்டுச் சோதனையால் உண்டான பள்ளங்களோடு வைத்துப் பார்த்தார். இரண்டிலும் விளிம்புப் பாறை அடுக்குகள் வெளிப்பக்கமாக மடிந்து, தலைகீழ் வரிசையில் கிடந்தன. 1960-இல் அவரும் எட்வர்டு சாவோவும் சேர்ந்து, அங்கே கோசைட் என்ற கனிமம் இருப்பதை வெளியிட்டார்கள். குவார்ட்ஸ் மிகப் பெரிய அழுத்தத்தில் சிக்கினால்தான் கோசைட் ஆகும், நீராவி வெடிப்பால் அந்த அழுத்தம் வராது. பின்னாளில் அப்போலோ வீரர்களை இதே பள்ளத்துக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள்.

களத்துக்குப் போகும் முன் நோட்டுப் புத்தகத்தில் எதை எதிர்பார்க்கிறோம் என்று எழுதுகிறோம். ஏன் அப்படி எதிர்பார்க்கிறோம் என்பதை யாரும் எழுதுவதில்லை. கில்பர்ட் மாட்டிக்கொண்டது அந்த எழுதாத வரியில்தான்.

வெளுத்ததெல்லாம் பால்

உருவம் ஒன்றாக இருந்தால் உண்டான விதமும் ஒன்று என்று நினைப்பது இந்தத் துறையின் தீராத வியாதி. 2011-இல் செவ்வாயின் சரிவுகளில் கருங்கோடுகள் கண்ணில் பட்டன. வெயில் காலத்தில் கீழ்நோக்கி நீளும், குளிரில் மங்கிப்போகும். அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் உப்புநீர் கசிந்து இறங்கும் தடங்கள் பார்வைக்கு அச்சு அசல் இப்படித்தான். 2015-இல் செவ்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்று உலகமே பேசியது. 2017-இல் ஒரு குழு உட்கார்ந்து சரிவின் கோணத்தை அளந்தது. கோடுகள் செங்குத்தான சரிவில் மட்டுமே ஓடுகின்றன, சரிவு சுமார் 27 பாகைக்குக் கீழே தணிந்ததும் நின்றுவிடுகின்றன. தண்ணீர் என்றால் சமதளம் வரை போயிருக்குமே? உலர்ந்த மணல்தான் குவித்துக் கொட்டினால் அந்தக் கோணத்தில் நிற்கும். மணல் சரிகிறது என்பதே இப்போது வலுவான விளக்கம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வி அது என்று எனக்குத் தோன்றும். நடந்து முடிந்த பிறகு சொல்வது யாருக்கும் சுலபம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மெரினரிஸ் பள்ளத்தாக்கைச் செவ்வாயின் கிராண்ட் கேன்யன் என்று எழுதுவதும் இந்த ரகம். கிராண்ட் கேன்யன் ஆறு அறுத்தது. நாலாயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள மெரினரிஸ் முக்கியமாக நிலம் பிளந்து உண்டானது.

செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான், காற்றழுத்தம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இதைப் பரீட்சையில் சரியாக எழுதிவிட்டுக் களத்தில் மறந்துவிடுகிறோம். கியூரியாசிட்டி ஊர்தி 2015 கடைசியில் பேக்னால்ட் மணல்மேடுகளை நெருங்கியபோது, மூன்று மீட்டர் இடைவெளியில் மணல் அலைகள் தெரிந்தன. நம் ஊர்த் தேரிக்காட்டிலோ தார் பாலைவனத்திலோ காற்று போடும் சிற்றலை சில அங்குல இடைவெளிதான், அதற்கு அடுத்தது நேரே பெரிய மேடு. நடுவில் இப்படியொரு அளவு இங்கே இல்லை. மெல்லிய காற்றில் மணல் நகரும் விதம், பூமியில் தண்ணீருக்கடியில் அலைமணல் உண்டாகும் விதத்தை ஒத்தது என்பது ஒரு விளக்கம். ஆக, செவ்வாயின் மணல்மேட்டுக்கு ஜோடி தேடுகிறவர் பாலைவனத்தோடு நிற்காமல் ஆற்றுப் படுகையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மண் மட்டுமா, உயிரும் இருக்கிறது

பூமியில் எந்த இடத்தை எடுத்தாலும் அங்கே ஏதோ ஒரு நுண்ணுயிர் கை வைத்திருக்கும். ரியோ டின்டோவின் அமிலச் சிவப்புத் தண்ணீரில் ஜாரோசைட் என்ற இரும்புக் கனிமம் படிகிறது, அதில் பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2004-இல் ஆப்பர்சூனிட்டி ஊர்தி செவ்வாயிலும் ஜாரோசைட்டைக் கண்டுபிடித்தது. அமில நீர் இருந்திருக்கிறது என்று சொல்லலாம். பாக்டீரியாவும் இருந்தது என்று சேர்த்துச் சொல்ல முடியாது, உயிரே இல்லாமலும் அந்தக் கனிமம் உண்டாகும். ஜாரோசைட் வேண்டுமென்றால் ஸ்பெயினுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை, கட்ச் பகுதியின் மாதானுமாத்தில் கிடைக்கிறது.

செவ்வாயை ஒத்த நிலத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அட்டகாமா மண் நல்ல உதாரணம். 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலம் அங்கே மண்ணைச் சூடாக்கியபோது குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் கொஞ்சம் வந்தன. கருவியைச் சுத்தம் செய்த திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. உடனே ஒரு குழு அட்டகாமா மண்ணில் அந்த உப்பைக் கலந்து சூடாக்கியது. வைக்கிங்கில் வந்த அதே வகைச் சேர்மங்கள் வந்தன, ஆக அன்று ஒதுக்கியது செவ்வாய் மண்ணிலிருந்தே வந்திருக்கவும் கூடும். 2010-இல் அது வெளியானது. அட்டகாமா செவ்வாயைப் போல இருக்கிறது என்று சொல்லி நிற்காமல், இன்னும் எதைச் சேர்த்தால் அது செவ்வாய் ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது

கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழமையான பாறையில், நுண்ணுயிர் கட்டியதாகச் சொல்லப்பட்ட சிறு கூம்புகள் கிடைத்ததாக 2016-இல் அறிவித்தார்கள். அபிகெயில் ஆல்வுட் அதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 343 கோடி ஆண்டுப் பழைய நுண்ணுயிர்ப் படிவங்களை ஆராய்ந்து பெயரெடுத்தவர் அவர். நேரில் போய்ப் பாறையை மூன்று திசையிலும் பார்த்தார். முகப்பில் கூம்பாகத் தெரிந்தது, பக்கவாட்டில் நீண்ட வரப்பாக ஓடியது. பாறை நசுங்கியதால் வந்த மடிப்பு என்று 2018-இல் அவர் குழு எழுதியது. முதல் குழு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, சண்டை நடக்கிறது. என் ஓட்டு ஆல்வுட்டுக்கு. செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில், பாறையில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று பார்க்கும் பிக்ஸல் கருவிக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

தொழிலாக எடுக்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பும் இங்கேயே தெரிகிறது. முதலிலேயே கோள் அறிவியல் என்று போர்டு மாட்டிக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் வண்ணம் மாற்றக் கற்றுக்கொண்டு, சுத்தியலைத் தொடாமலே எம்.எஸ்சி. முடித்துவிடுகிறார்கள். ஷூமேக்கர் தொடங்கியது கொலராடோவின் யுரேனியப் படிவுகளில். ஆல்வுட் பில்பராவில் அடுக்கு அடுக்காக வரைபடம் போட்டவர். அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வகத்துக்கோ இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்கோ போக நினைக்கிறவர், கையில் கிடைத்த பாறைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்து இன்ன கனிமம் என்று சொல்லத் தெரிந்துகொண்டு போவது உத்தமம்.

பழக வெகுதூரம் போக வேண்டாம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருக்கிற அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறையை டன் கணக்கில் அரைத்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்தது. நிலாவின் மேட்டுநிலங்களும் அனார்த்தசைட். ஊர்தியின் சக்கரம் புதைகிறதா, லேண்டரின் கால் நிற்கிறதா என்று பார்க்க அந்த மண் நன்றாகவே உதவியது. ஆனால் நம் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு, பூமிக்கடியில் வெந்து உருமாறியது. நிலாவில் உள்ளது 400 கோடிக்கும் மேல், ஏறக்குறைய நீரே படாதது. சித்தம்பூண்டிக்குப் போனால் ஒரு கைலென்ஸ் எடுத்துப்போங்கள். வெள்ளைப் பாறைக்கு நடுவே கருப்புக் கருப்பாக மினுங்குவது ஹார்ன்பிளெண்ட், தன் கட்டமைப்புக்குள்ளேயே நீரை வைத்திருக்கும் கனிமம்.